ஊத்தையும் காரையும், மஸ்தானின் சீட்டியும்

குரங்கணியிலிருந்து மலைக்கு ஏறும் குதிரைத் தடத்தில் ஒற்றைப்பலா என்றொரு திருப்பம் உண்டு. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். சுமை ஏற்றிய இரண்டு மட்டக்குதிரைகள் அங்கே ஒன்றையொன்று தாண்டிப் போக முடியாது. அதனால் ஏறுகிறவன் திருப்பத்துக்குக் கீழேயே நின்று சீட்டி அடிக்க வேண்டும். மேலிருந்து பதில் சீட்டி வந்தால், ஏலக்காய் மூட்டையோடு யாரோ இறங்கிவருகிறார்கள் என்று அர்த்தம். ஏறுகிறவன் குதிரைகளை ஒதுக்கிக்கொண்டு காத்திருப்பான். பதில் வராவிட்டால் தடம் காலி. இதை யாரும் எழுதிவைக்கவில்லை. குதிரைகளுக்கே அது மனப்பாடம். பதில் சீட்டி காதில் விழுந்ததும் கயிற்றை இழுக்க வேண்டியதில்லை, தாமாகவே பாறையில் விலாவை உரசிக்கொண்டு நின்றுவிடும்.

போடிநாயக்கனூர் மஸ்தான் அந்தத் தடத்தில் மூன்று குதிரைகள் ஓட்டினான். மேலே அரிசி, உப்பு, மண்ணெண்ணெய் போகும். கீழே ஏலக்காய் வரும். வயது நாற்பதை ஒட்டி. அவனைப் பெற்ற அத்தாவும் இதே சோலிதான் பார்த்தார். தடத்தில் ஆளுக்கொரு சீட்டி. அவனுக்குப் பின்னால் குதிரை ஓட்டிவரும் மொக்கச்சாமியின் சீட்டி நடுவில் நடுங்கும். மஸ்தானுடையது இரண்டு நீட்டல், ஒரு வெட்டு. இடது கையில் கயிறு, வலது கையின் இரண்டு விரல் வாயில், கீழுதடு பல்லின்மேல் மடங்கி இறுக வேண்டும், நாக்கு பின்னால் சுருள வேண்டும். அப்படிக் கிளம்பினால் பள்ளத்தைத் தாண்டிப் போய் எதிர்மலையில் முட்டித் திரும்பும்.

அந்த எதிர்மலையில் அவன் அக்கா மைதீன் பீவி இருந்தாள்.

தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்துக்கு முன்னால், தகரம் போட்ட ஒரு பலசரக்குக் கடை. அவள் புருஷன் சிக்கந்தரின் கடை. ஒற்றைப்பலாவிலிருந்து பார்த்தால் கூப்பிடு தூரம்; ஆள் அசைவது தெரியும், முகம் தெரியாது. நடந்து போவதென்றால் பள்ளம் இறங்கி, ஆறு கடந்து, அரைநாள் ஏற வேண்டும். மலைக்காரனுக்கு அரைநாள் ஏற்றம் ஒரு பொருட்டே இல்லை. ஆனால் அந்தக் கடைவாசலை மஸ்தான் மிதிக்கக் கூடாது என்று சிக்கந்தர் சத்தியம் செய்திருந்தார்.

பெண் கொடுத்துப் பெண் எடுப்பதாகப் பேச்சு. மைதீன் பீவியைச் சிக்கந்தர் கட்டியாயிற்று. சிக்கந்தரின் தங்கையை மஸ்தான் கட்ட வேண்டும். அவனோ கம்பத்தில் மதீனாவைப் பார்த்துவிட்டு, கட்டினால் அவளைத்தான் என்று நின்றுவிட்டான். ஜமாத்தில் பேசினார்கள், பெரியவர்கள் பேசினார்கள், எதுவும் ஆகவில்லை. அந்தத் தங்கை பிறகு உத்தமபாளையத்தில் வாழ்க்கைப்பட்டு, பிள்ளைகுட்டியோடு நன்றாகத்தான் இருந்தாள். சத்தியம்தான் மலையைவிட்டு இறங்கி வரவில்லை. தாயார் மௌத்தாகி அடக்கம் நடந்த அன்றைக்குக்கூட மைதீன் பீவி வந்தது தெரியும், பெண்கள் பக்கம் அழுத குரல் கேட்டது, முகத்தைப் பார்ப்பதற்குள் சிக்கந்தர் அழைத்துக்கொண்டு போய்விட்டார்.

மிச்சம் இருந்தது சீட்டி ஒன்றுதான். மஸ்தான் திருப்பத்தில் நின்று அடிப்பான். எதிரே கடைக்குப் பின்புறமிருந்து ஒரு பெண்ணுருவம் வெளியே வரும். கையிலிருக்கும் வெள்ளைத் துணியைத் துவைத்து உதறுகிறவள்போல ஒருமுறை உதறும். உள்ளே போய்விடும். அவ்வளவுதான் அக்காவுக்கும் தம்பிக்கும் பேச்சு. வருஷக்கணக்காக அவர்கள் பேசிக்கொண்டது அந்த ஒரு உதறல்தான்.

அதிலும் ஒரு வேடிக்கை. சீட்டி அடிக்க மஸ்தானுக்குக் கற்றுக்கொடுத்ததே அவள்தான். அத்தா அடிப்பதைப் பார்த்துப் பார்த்து, குதிரை லாயத்துக்குப் பின்னால் ஒளிந்து நின்று அவள் முதலில் பழகினாள். “பொம்பளப் புள்ளைக்குச் சீட்டி என்னடி சீட்டி” என்று அம்மா அகப்பையால் கைமேலேயே போட்டாள். அன்றோடு விட்டவள்தான். ஆனால் விடுவதற்கு முன்னால், “நாக்க மடிடா மக்கு, ஒதட்டப் பல்லு மேல இறுக்கு” என்று தம்பி வாய்க்குள் தன் விரலையே வைத்து அமுக்கிச் சொல்லிக்கொடுத்திருந்தாள். இரண்டு நீட்டல், ஒரு வெட்டு என்பது அவள் போட்ட மெட்டு.

ரயில் தண்டவாளத்தை இரண்டாம் உலகச் சண்டைக் காலத்தில் பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள் அல்லவா, அதைத் திரும்பப் போட்டு போடிக்கு மறுபடி வண்டி வரத் தொடங்கியிருந்த சமயம். ஏலக்காய்ப் பருவம் தொடங்கியிருந்தது. ஒருநாள் மஸ்தான் ஒற்றைப்பலாவில் நின்று விரலை வைத்தான். கீழுதட்டை இறுக்கியதும் கீழ்முன்பற்கள் உள்பக்கமாகச் சாய்ந்தன. சுருக்கென்று வலித்தது. வந்தது சீட்டியில்லை, காற்று. துருத்தியில் ஓட்டை விழுந்தால் வருமே, அதுமாதிரி.

எதிரே யாரும் வெளியே வரவில்லை.

அடுத்த தடவையும் காற்றுதான். அதற்கடுத்த தடவை கொஞ்சம் சத்தம் வந்து பாதியில் செத்தது. விரலில் ரத்தம்.

அவன் பல் நிலைமை அவனுக்குத் தெரியாததல்ல. மலையில் குளிருக்கு வெற்றிலை, காலில் ஏறும் அட்டைக்குப் புகையிலை. வாய் சும்மா இருந்த நேரமில்லை. கீழ்வரிசையில் உள்பக்கம் கருப்பாக, சொரசொரவென்று ஒரு திட்டு. நாக்கை ஓட்டினால் தனித்தனிப் பல்லே தெரியாது, ஒரே சுவர். அதை அவன் ஊத்தை என்றே நினைத்தான். எல்லாரும் அப்படித்தான் சொன்னார்கள். பல்லில் ஒட்டியது எதுவானாலும் ஊரில் அதற்கு ஒரே பெயர் ஊத்தை. தேய்த்தால் போக வேண்டும். போகவில்லை என்றால் தேய்த்தது போதாது.

ஆகவே தேய்த்தான். வேப்பங்குச்சி போதாதென்று கரி. கரி போதாதென்று உப்பு. அப்புறம் செங்கல்லை இடித்துச் சலித்த பொடி. கொல்லையில் உட்கார்ந்து தேய்க்கும் சத்தம் அடுப்படிவரை கேட்டது.

“என்னங்க, பல்லு தேய்க்கிறீகளா, அம்மி கொத்துறீகளா?” என்றாள் மதீனா.

“ஊத்தை போகணும்டி.”

“ஊத்தை போகுதோ இல்லியோ, பல்லு போயிரும். எச்சித் துப்புன எடமெல்லாம் செவப்பு. நான் வெத்தலையின்னுல்ல நெனச்சேன்!”

அவள் சொன்னது சரி. கொப்பளித்த தண்ணீர் செக்கச்செவேலென்று இருந்தது. ஆனால் அந்தத் திட்டு மட்டும் ஒரு மணிகூட உதிராமல் அப்படியே இருந்தது.

மொக்கச்சாமிக்கு விஷயம் தெரிந்தது. தடத்தில் பின்னால் வருகிறவனுக்குத் தெரியாமல் இருக்குமா? சிலமலைக்காரன், மஸ்தானைவிட நாலைந்து வயது குறைவு, வாய் மட்டும் நீளம்.

“மாப்ளே, இதுக்குப் போயி மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கே? ஒன் சீட்டிய நான் அடிச்சுக் காட்டவா? ரெண்டு நீட்டு, ஒரு வெட்டு. இதென்ன பெரிய வித்தையா?”

“அடிப்பியா?”

“அடிச்சா என்ன தருவே?”

“அடிடா மொதல்ல.”

மொக்கச்சாமி விரலை வைத்தான். நடுக்கத்தை அடக்கி, மெனக்கெட்டு, கண்ணை மூடிக்கொண்டு அடித்தான். இரண்டு நீட்டல், ஒரு வெட்டு. உண்மையில் நன்றாகவே அடித்தான். பள்ளம் தாண்டிப் போய் முட்டித் திரும்பியது.

எதிரே மைதீன் பீவி வந்தாள். ஓடித்தான் வந்தாள். கையில் துணி இருந்தது. வந்து நின்றவள், துணியைத் தூக்கப்போனவள், அப்படியே கையைக் கீழே விட்டாள். கொஞ்சநேரம் இந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு திரும்பி மெல்ல உள்ளே போய்விட்டாள்.

“கண்டுபிடிச்சிருச்சே!” என்றான் மொக்கச்சாமி. அவனுக்குச் சிரிப்பு வந்தது. மஸ்தான் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டது. “வேணும்னா நான் சுத்திப் போயி, ஒன் தம்பி நல்லாருக்கான், பல்லுதான் நோவுன்னு சொல்லிட்டு வரவா?”

“கல்லாவுல மச்சான் ஒக்காந்திருப்பாரு. எம்பேர அங்கே எடுக்கப்படாது. எடுத்தா ஒனக்குச் சக்கரை மடிக்க மாட்டாரு, அதவிடு, அவளத்தான் ரெண்டு நாளைக்கு வையுவாரு.”

“அப்ப என்ன செய்யப்போறே?”

மஸ்தான் கயிற்றைப் பிடித்து நடக்கத் தொடங்கினான். அக்கா இப்போது என்ன நினைத்துக்கொண்டிருப்பாள் என்பது அவனுக்குத் தெரிந்துபோயிற்று. தம்பியின் குதிரைகள் வருகின்றன, தம்பியின் சீட்டியை வேறு யாரோ அடிக்கிறார்கள். அப்படியானால் தம்பி எங்கே? தடத்தில் ஒருவன் செத்துப்போனால் அவன் குதிரைகளை வேறொருவன் ஓட்டுவது வழக்கம்.

அந்த வாரச் சந்தைக்குப் போடியில் கூட்டம் நெரிந்தது. ராசிங்காபுரத்து வண்டிகள் ஒருபக்கம், ஏலக்காய் வாங்க வந்த வெளியூர்க்காரர்கள் ஒருபக்கம். மதுரையிலிருந்து ரயிலில் வரும் பல் டாக்டர் ஜேசுதாஸ் சந்தை நாளில் சர்ச்சுக்குப் பக்கத்தில் ஓர் அறையில் உட்காருவார். சன்னல் தாழ்வானது. பல் பிடுங்குவதை வேடிக்கை பார்க்க ஒரு கூட்டம் சன்னலை எப்போதும் அடைத்துக்கொண்டு நிற்கும். யாராவது கத்தினால் வெளியே இருப்பவர்களும் சேர்ந்து கத்துவார்கள். டாக்டர் அவர்களை விரட்டிப் பார்த்து அலுத்துப்போய் விட்டுவிட்டார்.

மஸ்தான் போய் உட்கார்ந்தான். துணைக்கு மொக்கச்சாமி.

“என்ன ராவுத்தரே, எது வலிக்குது?”

“வலியப் பத்தி இல்லீங்க டாக்டரய்யா. சீட்டி வரமாட்டேங்குது.”

சன்னலில் சிரிப்பு. டாக்டருக்கும் உதட்டோரம் துடித்தது. ஆனாலும் கேட்டார்: “எங்க, அடிங்க பார்ப்போம்.”

அடித்தான். காற்று. சன்னலில் நின்ற ஒருவன் தன் விரலை வைத்து ஒன்று அடித்துக் காட்டினான். கூட்டத்துக்குக் கொண்டாட்டம். மொக்கச்சாமி எழுந்துபோய்ச் சன்னல் கதவைச் சாத்தினான்.

டாக்டர் சின்னக் கண்ணாடியை வாய்க்குள் விட்டுப் பார்த்தார். “எதை வச்சுத் தேய்க்கிறீங்க?”

சொன்னான். செங்கல் என்றதும் அவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

“ஊத்தை போகலீங்களே.”

“இது ஊத்தையே இல்லை ராவுத்தரே. காலையில எந்திரிச்சதும் நாக்கால தடவினா பல்லுமேல வழவழன்னு மாவு மாதிரி இருக்கும், பார்த்திருக்கீங்களா?”

“ஆமா.”

“அதுதான் ஊத்தை. விரலால வழிச்சாக்கூட வந்துரும். வேப்பங்குச்சியே ஜாஸ்தி. தினமும் புதுசா வரும், தினமும் எடுக்கணும். எடுக்காம ஒதுக்குல கெடந்ததுன்னா, எச்சில்ல இருக்கிற சுண்ணாம்புச் சத்து அதுல ஏறும். வெந்நீர் அண்டாவுக்கு அடியில வெள்ளையா பொருக்குக் கட்டுதே, அந்த மாதிரி ஏறி ஏறிக் கல்லாகும். அதுக்குப் பேரு காரை. உங்க வாயில இருக்கிறது காரை. ஊத்தைய நீங்க எடுக்கலாம், காரைய நீங்க எடுக்க முடியாது. செங்கல்லை இல்ல, பாறையவே வச்சுத் தேய்ச்சாலும் பல்லுதான் தேயும். ரெண்டுக்கும் ஒரே பேரு வச்சுக்கிட்டு ஒரே வைத்தியம் பண்ணியிருக்கீங்க.”

“அப்ப நீங்க எடுங்க.”

“எடுக்கிறேன்.”

இந்த இடத்தில் மொக்கச்சாமி குறுக்கே விழுந்தான். “ஐயா, ஐயா, பொறுங்க. எங்க மாமன் ஒருத்தரு இப்பிடித்தான் சொரண்டுனாரு. அடுத்த மாசமே அம்புட்டுப் பல்லும் உருவிக்கிருச்சு. காரைய எடுத்தா பல்லு எதப் பிடிச்சு நிக்கும்? மாப்ளே, எந்திரி, போவோம்.”

மஸ்தான் எழுந்தே விட்டான். அந்தப் பயம் அவனுக்குள்ளும் இருந்தது. ஆடும் பற்களை அந்தச் சுவர்தான் சேர்த்துப் பிடித்திருக்கிறது என்று நாக்கு தினமும் அவனுக்குச் சொல்லிக்கொண்டிருந்தது.

டாக்டர் கோபப்படவில்லை. “நீங்க மலைத்தடத்துல போறவரு. மழையில மண்ணு அரிச்சு, வேரு வெளிய தெரிய நிக்கிற மரம் பார்த்திருப்பீங்க. அந்த மரத்தைப் பிடிச்சிருந்தது எது?”

“மண்ணு.”

“பல்லுக்கு ஈறும் எலும்பும்தான் மண்ணு. காரை ஈறுக்கு அடியில போயி அதைக் கொஞ்சம் கொஞ்சமா விலக்கித் தள்ளுது. மரத்தை மண்ணு விட்டுருச்சு, பக்கத்துல கெடக்கிற கல்லுல சாஞ்சு நிக்குது. அதைப் பார்த்துட்டுக் கல்லுதான் மரத்தைக் காப்பாத்துதுன்னு சொல்றீங்க. இவரு மாமன் சொரண்டப் போனப்ப மண்ணு மொத்தமும் போயிருக்கும். உங்களுக்கு இன்னும் பாதி இருக்கு.”

“எடுத்தா சீட்டி வருமா?”

“அதை நான் சொல்ல முடியாது. எடுத்ததும் முன்னைவிட ஆடுற மாதிரி இருக்கும், பல்லுக்கு நடுவுல சந்து தெரியும், பயப்படக் கூடாது. ஈறு இறுக வாரக்கணக்கா ஆகும். நடுவுல ஒரு பல்லு தேறாது, அதை இன்னைக்கே எடுத்துரணும். எடுக்காம விட்டா வர்ற வருஷத்துக்குள்ள கீழ முன்பல்லு நாலும் போகும். அப்ப சீட்டியும் கெடையாது, முறுக்கும் கெடையாது.”

மஸ்தான் அந்தச் சுவரில் நாக்கை ஓட்டிப் பார்த்தான். சாத்திய சன்னலுக்கு வெளியே யாரோ, “என்னாச்சு, செத்துட்டானா?” என்று கேட்பது காதில் விழுந்தது.

மஸ்தான் திரும்ப உட்கார்ந்து வாயைத் திறந்தான்.

கொக்கி மாதிரி வளைந்த ஊசியால் டாக்டர் காரையைப் பெயர்த்தார். மண்டைக்குள் யாரோ சுவர் இடிப்பதுபோல இருந்தது. கருஞ்சிப்பாக விழுந்தது ஒவ்வொன்றும் கிண்ணத்தில் டணக்கென்றது. மொக்கச்சாமி ஒன்றை எடுத்து நகத்தால் கீறிப் பார்த்துவிட்டு, “கல்லுதான்” என்றான், தன் மாமனுக்கு நியாயம் கேட்கும் குரலில். கடைசியில் நடுப்பல் ஒன்றும் வந்தது. அது வந்த சுலபத்தைப் பார்த்து மஸ்தானுக்கே வெட்கமாக இருந்தது.

ஈறு ஆறும்வரை சீட்டி கூடாது, புகையிலையும் கூடாது என்று சொல்லி அனுப்பினார்.

அந்த வாரங்கள்தான் கொடுமை. ஒற்றைப்பலா வரும். மொக்கச்சாமி முன்னால் போய், தன் நடுங்கும் சீட்டியை அடித்துத் தடம் கேட்பான். மஸ்தான் வாயை மூடிக்கொண்டு எதிர்மலையைப் பார்த்துக்கொண்டு நிற்பான். தகரக் கூரையில் புகை கிளம்பும். லயத்துப் பிள்ளைகள் ஓடும். அவள் வரமாட்டாள். ஒருநாள் தலைத்துண்டை அவிழ்த்து ஆட்டிப் பார்த்தான். தடத்தில் போகிற வருகிற எல்லாருமே துண்டை ஆட்டி அட்டையை உதறுகிறவர்கள்தான். அதில் தம்பியின் துண்டு எது என்று யாருக்குத் தெரியும்? அல்லது அவள் இப்போது இந்தப் பக்கம் பார்ப்பதையே விட்டிருக்கலாம். அந்த நினைப்பு வந்ததும் துண்டைத் திரும்பக் கட்டிக்கொண்டான்.

டாக்டர் சொன்னதுபோலவே நடந்தது. முதலில் எல்லாம் உதிர்ந்துவிடும்போல ஆடின. நாக்குக்குத் தன் வாயே அந்நியமாகத் தெரிந்தது. பிறகு ரத்தம் நின்றது. ஈறு வெளுத்த ரோஜா நிறத்துக்கு வந்தது. தினமும் விடிந்ததும் மெல்லிய குச்சியால் மாவு மாதிரி இருந்ததை வழித்தெடுத்தான். “அம்மி கொத்துற சத்தமே காணோம்?” என்றாள் மதீனா. அவளுக்குள் சந்தோஷம்தான், காட்டிக்கொள்ளவில்லை.

சீட்டியை அவன் மறுபடி பழக ஆரம்பித்ததும் அதே லாயத்தில்தான். பழைய இடத்தில் விரலை வைத்தால் சந்து வழியே காற்று போய்விடுகிறது. விரலைக் கொஞ்சம் வலப்பக்கம் நகர்த்தினான். நாக்கு நுனியைச் சந்தில் அடைத்தான். முதலில் பூனை கத்தியது. அப்புறம் கதவு கிறீச்சிட்டது. குதிரைகள் காதைத் திருப்பி அவனைப் பார்த்தன. கடைசியில் ஒருநாள் சீட்டி என்று சொல்லத்தக்க ஒன்று வந்தது. ஆனால் அது அவனுடையது இல்லை. பழையதில் இருந்த கெட்டி இதில் இல்லை. மெலிந்து, ஓரத்தில் கிழிந்து, நீட்டும்போது இரண்டாகப் பிரிந்தது. இரண்டு நீட்டல், ஒரு வெட்டு. மெட்டு அதேதான், குரல் வேறு யாருடையதோ.

மொக்கச்சாமி அடித்த நல்ல சீட்டியையே நம்பாதவள், இதையா நம்பப்போகிறாள்?

மழை விட்டு வெயில் அடித்த ஒரு முற்பகலில் அவன் ஒற்றைப்பலாவின் கீழே நின்றான். மொக்கச்சாமி பின்னால், சற்றுத் தள்ளி. மஸ்தான் விரலை வைத்து அடித்தான். பிளந்த சீட்டி பள்ளத்தைத் தாண்டிப் போனது.

கடைக்குப் பின்னாலிருந்து அவள் வந்தாள். ஓடி வரவில்லை. ஏமாந்து பழகியவள் நடை. கையில் துணியும் இல்லை. நின்று பார்த்தாள்.

அவன் இன்னொரு முறை அடித்தான். அவள் அசையவில்லை. கடைவாசலில் சிக்கந்தரும் வந்து நிற்பது தெரிந்தது. மஸ்தான் விரலை எடுத்துவிட்டான். வாயில் உப்புக் கரித்தது. ரத்தமா என்று துப்பிப் பார்த்தான், இல்லை.

அப்போது எதிர்மலையிலிருந்து ஒரு சீட்டி வந்தது.

துருப்பிடித்த சீட்டி. ரொம்ப காலம் அடிக்காத வாய் அடித்தது. ஒரு நீட்டல். இன்னொரு நீட்டல். அதோடு நின்றது. வெட்டு வரவில்லை.

அவள் காத்திருந்தாள். புருஷன் பார்த்துக்கொண்டு நிற்க, விரலை வாயிலிருந்து எடுக்காமலே காத்திருந்தாள்.

மஸ்தான் வெட்டை அடித்தான். அந்த ஒரு துண்டு மட்டும், எப்படியோ, பிளக்காமல் வந்தது.

சிக்கந்தர் தலையைக் குனிந்துகொண்டு கடைக்குள் போனார். அவளை உள்ளே கூப்பிடவில்லை. கடைக்கு வா என்று இவனையும் கூப்பிடவில்லை. மைதீன் பீவி முந்தானைத் துணியைப் பிடித்து ஒருமுறை உதறினாள். பிறகு இன்னொரு முறை. பிறகு நிறுத்தாமல்.

மேலே தடம் காலியாகத்தான் இருந்தது. யாரும் இறங்கி வரவில்லை. ஆனால் குதிரைகள் பதில் சீட்டியைக் கேட்டுவிட்டன. மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக நகர்ந்து, பாறையில் விலாவை உரசிக்கொண்டு ஒதுங்கி நின்றன.

“மாப்ளே, எதுக்கு நிக்கிறே? வெரசாப் போ. யாரு வர்றா?” என்று பின்னாலிருந்து மொக்கச்சாமி கத்தினான்.

“எங்க அக்கா” என்றான் மஸ்தான்.

கயிற்றை இழுக்கவில்லை. குதிரைகளோடு தானும் பாறையில் சாய்ந்துகொண்டு, வரமுடியாத ஆளுக்கு வழிவிட்டு நின்றான்.